டயரை உதைத்தால் என்ன தெரியும்?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்க வருகிறவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். கதவைத் திறந்து மூடுவார். கடைசியில் முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தக் கால்தட்டு 'கிக்கிங் த டயர்ஸ்' என்ற வழக்காக நிலைத்துவிட்டது. இன்று வீடு பார்க்கப் போகிறவரும், ஒரு நிறுவனத்தையே விலைபேசும் முதலீட்டாளரும் 'சும்மா டயரை உதைத்துப் பார்க்கிறோம்' என்றுதான் சொல்கிறார்கள்.

உதைப்பதால் தெரியவருவது மிகக் குறைவு. இன்றைய ரேடியல் டயரில் காற்று சில பவுண்டு குறைந்திருந்தாலும் காலுக்குத் தெரியாது. கம்பிப் பின்னல் உள்ளே அறுந்திருந்தாலும் தெரியாது. லாரி ஓட்டுநர்களுக்கு மட்டும் இதில் கொஞ்சம் பயன் உண்டு. பின் அச்சில் இரட்டைச் சக்கரங்கள் ஒட்டி நிற்பதால் உள்சக்கரம் காற்றிழந்தது கண்ணுக்குப் படாது. கட்டையால் தட்டினால் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். கார் வாங்குகிறவரின் உதையில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வந்து பார்த்து, தொட்டு, கேள்வி கேட்டு, வாங்காமல் போகிறவரை அவர்கள் 'டயர் கிக்கர்' என்பார்கள். 'திரும்ப வருகிறேன்' என்று சொல்லிப் போகிறவருக்கு 'பி-பேக்' என்று பெயர். வாங்குபவர் தன் எச்சரிக்கை என்று நினைப்பது விற்பவர் கணக்கில் வீணான நேரம்.

காரை ஓட்டிப் பார்ப்பது பற்றி ஆங்கிலத்தில் புழங்கும் தொடர்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் முளைத்தவை. விற்பவருக்கு வண்டியின் வரலாறு தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை அடைக்க நூறாண்டுக்கு மேலாக நடந்த முயற்சிகளை அந்தத் தொடர்களின் வழியே பின்தொடர முடியும். அப்படிப் பார்த்தால், ஓட்டிப் பார்ப்பதால் உண்மை தெரியுமா என்ற கேள்வியைவிட வேறொன்று முக்கியமாகிறது: ஓட்டிப் பார்ப்பவர் யார், அவர் கையில் என்ன கருவி இருக்கிறது, அவருக்குக் கூலி கொடுப்பது யார்?

குதிரைச் சந்தையின் பாக்கி

கார் வருவதற்கு முன்பே இந்தச் சந்தேகம் முழுமையாக வளர்ந்திருந்தது. ஒரு காரை எல்லா வகையிலும் சோதித்துவிட்டோம் என்று சொல்ல ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் 'புட் த்ரூ இட்ஸ் பேசஸ்' என்று எழுதுகின்றன. 'பேஸ்' என்பது குதிரையின் நடைவகை. வாங்குபவர் முன் குதிரையை நடக்கவும் பெருநடை போடவும் பாயவும் வைத்துக் காட்டுவதுதான் அந்தத் தொடரின் பிறப்பிடம். குதிரையின் வயதைப் பல்லில் பார்ப்பார்கள். 'தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று நம் ஊரில் சொல்வதை ஆங்கிலேயர் குதிரைக்குச் சொன்னார்கள்.

வாங்குபவர் பல்லைப் பார்த்தால் விற்பவர் பல்லை அரத்தால் ராவினார். கிழட்டுக் குதிரையின் பல்லில் இளம் குதிரைக்குரிய குழியைச் செதுக்கும் இந்தத் தொழிலுக்கு 'பிஷப்பிங்' என்று தனிப்பெயரே இருந்தது. குதிரை சோம்பி நின்றால் அதன் பின்புறத்தில் இஞ்சித் துண்டைச் செருகுவார்கள்; எரிச்சலில் வாலைத் தூக்கித் துள்ளும். ஒன்றை உசுப்பிவிடுவதைக் குறிக்கும் 'ஜிஞ்சர் அப்' என்ற சொல்லில் அந்த இஞ்சியின் காரம் இன்னும் இருக்கிறது.

கார் வந்தபோது இந்தச் சந்தை அப்படியே இயந்திரத்துக்கு இடம்பெயர்ந்தது. இயந்திரத்தின் வலுவைச் சொல்லும் அளவுகோலும் குதிரையாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி இயந்திரம் விற்ற ஜேம்ஸ் வாட், ஒரு குதிரையின் வேலையை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வகுத்தார். ஆலை முதலாளிகளுக்கு நீராவி புரியாது, குதிரை புரியும். தெரியாத பொருளைத் தெரிந்த பொருளால் அளந்து காட்டினால்தான் விற்கும் என்பது வாட்டின் வணிக அறிவு. ஷோரூமில் இன்று நீட்டப்படும் விவரத்தாளில் உள்ள ஹார்ஸ்பவர், இப்படி வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறுவதற்காகப் பிறந்த எண்.

ஏமாற்றுகளும் உடன் வந்தன. தேய்ந்த கியர்பாக்ஸின் இரைச்சலை அடக்க மரத்தூளைக் கொட்டுவது, புகைக்கும் எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றுவது, ஓடோமீட்டரைப் பின்னோக்கிச் சுழற்றுவது ஆகியவை பழைய கார் வணிகத்தின் பாலபாடம். ரோல்ட் டால் 1988இல் எழுதிய 'மெட்டில்டா' என்ற சிறுவர் நாவலில் சிறுமியின் தகப்பன் மரத்தூளையும் மின்துளைப்பானையும் வைத்தே பிழைப்பு நடத்துகிறான். குழந்தைகளுக்கான கதையிலேயே இடம்பிடிக்கும் அளவுக்கு அந்த வஞ்சகம் பிரிட்டனில் பழகிய செய்தி.

ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாமே

'டேக் இட் ஃபார் எ ஸ்பின்' என்பது வாங்குபவரின் காதுக்கு இனிக்கும் அழைப்பு. குதிரை வண்டியிலோ சைக்கிளிலோ பொழுதுபோக்காக ஒரு சுற்றுப் போய்வருவதை 19ஆம் நூற்றாண்டிலேயே 'ஸ்பின்' என்றார்கள். சோதனை என்ற கடுமை அந்தச் சொல்லில் கிடையாது. உலாவின் சுகம் உண்டு. விற்பவருக்கு வேண்டியதும் அந்தச் சுகம்தான்.

அமெரிக்க டீலர்கள் தம் விற்பனையாளர்களுக்குக் கற்றுத்தரும் படிநிலைகளில் டெஸ்ட் டிரைவ் ஒரு கட்டாயப் படி. வரவேற்பது, தேவையைக் கேட்டறிவது, வண்டியைச் சுற்றிக் காட்டுவது, ஓட்ட வைப்பது, அதற்குப் பிறகே விலை. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை கையெழுத்தும் போடும் என்ற பொருளில் எதுகையோடு ஒரு பழமொழியும் அவர்களிடையே உண்டு. வண்டியை ஒரு இரவு வீட்டுக்கே கொடுத்தனுப்புவதற்குப் பெயர் 'பப்பி டாக் குளோஸ்'. நாய்க்குட்டியை ஓரிரவு பிள்ளைகளோடு விட்டுவைத்தால் மறுநாள் யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள் அல்லவா?

இதற்காக, ஓட்டிப் பார்ப்பது வெறும் மாயை என்று ஒதுக்கிவிட முடியாது. அனுபவமுள்ள கைக்கு கால்மணி நேரத்தில் பல செய்திகள் கிடைக்கும். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, மேட்டில் கிளட்ச் வழுக்குகிறதா, திருப்பத்தில் முன்சக்கரத்தருகே கடகடவென்று சத்தம் வருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டைப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஸ்டார்ட்டிங் டிரபிளும் நீலப்புகையும் அப்போதுதான் வெளிப்படும். அதனால்தான் சில விற்பனையாளர்கள் ஆள் வருமுன்பே எஞ்சினைச் சூடேற்றி வைக்கிறார்கள். விவரமறிந்தவர்கள் போனதும் பானெட்டில் கைவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் அதிகம் செலவு வைக்கும் குறைகள் கால்மணி நேரத்தில் முகம் காட்டுவதில்லை. விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்ட சட்டகம், காலம் கடந்தும் மாற்றாத டைமிங் பெல்ட், வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மின்கம்பிகள் எல்லாம் அமைதியாக இருக்கும். இரண்டு விபத்து வண்டிகளின் நல்ல பாதிகளை ஒன்றாக வெல்டு வைத்து விற்பதை பிரிட்டனில் 'கட் அண்ட் ஷட்' என்பார்கள். அதுவும் சீரான சாலையில் சீராகவே போகும்.

பிறருக்காக ஓட்டுகிறவர்கள்

தானே ஓட்டிப் பார்ப்பது போதவில்லை என்றால், விவரம் தெரிந்த ஒருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். 1895இல் தொடங்கிய பிரிட்டிஷ் வார இதழ் 'தி ஆட்டோகார்', 1928 முதல் 'ரோட் டெஸ்ட்' என்ற பெயரில் ஒழுங்கான அளவைகளோடு கார்களைச் சோதித்து எழுதத் தொடங்கியது. அமெரிக்காவில் டாம் மெக்கஹில் 1946 முதல் 'மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்' இதழில் எழுதிய சோதனைக் கட்டுரைகள் வாசகரை ஈர்த்தன. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட எத்தனை வினாடி என்ற கணக்கைப் பரப்பியவர் அவர்தான். உலகின் எந்த ஊரில் கார் பேச்சு எழுந்தாலும் இன்று அந்த எண் வந்துவிடுகிறது.

இதழ்கள் சோதித்த கார்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர் கொடுத்தனுப்பியவை. அதே இதழ்களின் பக்கங்களை நிரப்பியதும் தயாரிப்பாளர்களின் விளம்பரம். 1936இல் உருவான கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு இந்த முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தது. விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் காரைச் சாதாரண வாடிக்கையாளர்போலப் பெயர் மறைத்து, முழு விலை கொடுத்து, டீலரிடமே வாங்குகிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் முன்பு பந்தயத்திடலாக இருந்த இடத்தை 1980களில் வாங்கிச் சோதனைக் களமாக்கினார்கள். சந்தா கட்டும் வாசகரே அங்கு சம்பளம் தருபவர். ஓட்டுநரின் திறமையைப் போலவே அவர் யாருடைய சம்பளத்தில் ஓட்டுகிறார் என்பதும் சோதனையின் ஒரு பகுதி என்பதை இந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

எலுமிச்சையின் பொருளியல்

வாங்கிய நாள் முதல் தொல்லை தரும் காரை அமெரிக்கர்கள் 'லெமன்' என்பார்கள். 1960இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் தயாரித்த விளம்பரத்தில் காரின் படத்துக்குக் கீழே இந்த ஒற்றைச் சொல்தான் தலைப்பு. தன் பொருளைத் தானே வசைபாடும் விளம்பரத்தைக் கண்டு திகைத்தவர்கள் கீழே படித்தார்கள். டேஷ்போர்டுப் பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு சிறு கறை இருந்ததால் அந்தக் கார் கப்பலேற்றப்படாமல் நிறுத்தப்பட்டது. வுல்ஃப்ஸ்பர்க் ஆலையில் பரிசோதனையை மட்டுமே வேலையாகக் கொண்டவர்கள் 3,389 பேர். உங்களுக்காக நாங்களே ஓட்டிப் பார்த்துவிட்டோம் என்பதுதான் அதன் சாரம்.

பத்தாண்டு கழித்து அதே சொல் பொருளியலுக்குள் நுழைந்தது. ஜார்ஜ் அகர்லாஃப் தன் இருபதுகளில் எழுதிய 'லெமன்களின் சந்தை' கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. அற்ப விஷயம் என்றார்கள். இது சரியென்றால் பொருளியலே வேறாகிவிடும் என்றும் சொன்னார்கள். 1970இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' வெளியிட்டது. 2001இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஷோரூமை விட்டு வெளியே வந்த கணமே புதுக்காரின் விலை ஏன் சடாரென விழுகிறது என்ற எளிய கேள்விக்கு அவர் விடை தேடினார். எடுத்துக்காட்டாக, நல்ல பழைய காரின் மதிப்பு 2,000 டாலர், மோசமானதன் மதிப்பு 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. எது வாய்க்கும் என்று தெரியாத வாங்குபவர் நடுவாக 1,500 தருவேன் என்கிறார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அது கட்டாது. சந்தையை விட்டு விலகுகிறார். நல்லவை விலக விலக எஞ்சியவற்றில் மோசமானவை கூடுகின்றன. வாங்குபவர் விலையை மேலும் குறைக்கிறார். யாரும் பொய் சொல்லாமலேகூட நல்ல பொருள் சந்தையிலிருந்து துரத்தப்படுகிறது.

அகர்லாஃப் 1967–68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர். கட்டுரையில் இந்தியக் கிராமத்து வட்டிக்காரர் வருகிறார். அரிசியோடு நிறம் பார்த்துக் கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பத்தலைவியும் வருகிறார். வாங்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டியிருப்பது நேர்மையின்மைக்குச் சமூகம் கட்டும் அபராதம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய மாற்றுகள் உத்தரவாதம், வணிகப்பெயர், உரிமம் போன்றவை. கார் வீணானால் இழப்பு விற்றவரைச் சேரும்படி ஏற்பாடு இருந்தால், வாங்குபவர் டயரை உதைக்க வேண்டிய அவசியம் குறையும்.

காகிதம் பேசத் தொடங்கிய காலம்

அமெரிக்கச் சட்டம் இந்தத் திசையில் துண்டுதுண்டாக நகர்ந்தது. 1958இல் செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தின்படி புதுக்கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் தயாரிப்பாளர் குறித்த விலையை ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஓடோமீட்டரைத் திருத்துவதை 1972இல் மத்தியச் சட்டம் குற்றமாக்கியது. பிரிட்டனில் 'கிளாக்கிங்' எனப்படும் அந்த மோசடி அதனால் ஒழிந்துவிடவில்லை. பொய்யான கணக்கோடு விற்கப்படும் வண்டிகள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மேல் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டிருக்கிறது. 1984இல் தோன்றிய கார்ஃபேக்ஸ், பதிவேடுகளைத் திரட்டி ஒவ்வொரு வண்டியின் பழைய ஓடோமீட்டர் கணக்கையும் வாங்குபவருக்குக் காட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டது.

மிகக் கூர்மையான சண்டை 'ஆஸ் இஸ்' என்ற இரண்டு சொற்களைச் சுற்றி நடந்தது. 'இருக்கிறபடியே' விற்கிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டால் பிறகு வரும் எந்தக் குறைக்கும் டீலர் பொறுப்பில்லை. மத்திய வணிக ஆணையம் 1981இல், டீலர் தனக்குத் தெரிந்த குறைகளை வண்டியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி வகுத்தது. டீலர்கள் திரண்டார்கள். 1982இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அந்த விதியை ரத்துசெய்தன. அந்த ரத்து அதிகாரமே செல்லாது என்று நீதிமன்றத்தில் முடிவானது. ஆனாலும் 1985இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதியில் 'தெரிந்த குறை' என்ற கட்டாயம் இல்லை. உத்தரவாதம் உண்டா, 'ஆஸ் இஸ்' விற்பனையா என்பதை மட்டும் சீட்டில் குறித்தால் போதும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்கும் தெரிய வேண்டும் என்ற ஒற்றை வரிதான் டீலர்களுக்குச் செரிக்கவில்லை.

புதுக்காருக்கு நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. 1982இல் கனெக்டிகட் 'லெமன் சட்டம்' இயற்றியது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. பொதுவாக ஒரே குறையை நான்கு முறை பழுதுபார்த்தும் தீராவிட்டால், அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தால், தயாரிப்பாளர் மாற்றுக் காரோ பணமோ தர வேண்டும். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், டீலரிடம் வாங்கிய பழைய காரையும் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தந்தது. சட்டத்தின் பார்வையில் வாங்கிய பின் ஓட்டும் முதல் மாதமே டெஸ்ட் டிரைவாக மாறிவிட்டது.

சோதனையை அறிந்துகொண்ட கார்

அதே 2015இல் வெளிப்பட்ட செய்தி இந்த வரலாற்றையே திருப்பிப் போட்டது. அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கேட்கும் காரின் புகையை ஆய்வகத்தில் உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டி அளப்பார்கள். சக்கரம் சுழலும், வண்டி நகராது, ஸ்டீயரிங் திரும்பாது. ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மென்பொருள் இந்த அறிகுறிகளை வைத்தே தான் சோதனையில் இருப்பதைக் கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பை முழுதாக இயக்கியது. சாலைக்கு வந்ததும் தளர்த்திவிட்டது. 1960இல் தன் பரிசோதகர்களின் எண்ணிக்கையை விளம்பரப்படுத்திய அதே நிறுவனம்தான்.

இதை வெளிக்கொணர்ந்தது ஒரு நெடும்பயணம். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு குழு, சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் நிதியில், கார்களின் பின்புறம் புகைமானியைப் பொருத்தி உண்மையான சாலையில் ஓட்டியது. குழுவில் இந்தியாவிலிருந்து போன அரவிந்த் திருவேங்கடமும் இருந்தார். ஒரு காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள். மோசடியைப் பிடிக்க அவர்கள் கிளம்பவில்லை. அமெரிக்காவில் விற்கும் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று காட்டவே கிளம்பினார்கள். சோதித்த இரண்டு ஃபோக்ஸ்வாகன்களும் நைட்ரஜன் ஆக்சைடை வரம்பைவிடப் பலமடங்கு கக்கின. கூடவே சோதித்த பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. 2014இல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை அறிவித்தது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய மாடல்களுக்குச் சாலையிலேயே புகையை அளப்பதைக் கட்டாயமாக்கியது.

அந்த டீசல் கார்களை வாங்கிய லட்சக்கணக்கானோர் எல்லாரும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். இழுவை நன்றாக இருந்தது, மைலேஜ் கிடைத்தது. நைட்ரஜன் ஆக்சைடு கைக்கோ காதுக்கோ தெரிவதில்லை. அரசின் ஆய்வகமும் ஏமாந்தது, ஏனெனில் அதன் சோதனை எப்படி நடக்கும் என்பது தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். டீலர் தேர்ந்தெடுத்த தெருவில் ஒரு ரவுண்டு போவதற்கும் அதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. உண்மையைக் கண்டவர்களிடம் மூன்று இருந்தன: சாலை, கருவி, விற்பனையில் பங்கில்லாத பணம்.

மின்கார் இந்தப் பாடத்தை இன்னும் அவசரமாக்குகிறது. பழைய மின்காரின் விலையில் பெரும்பகுதி பேட்டரியின் மிச்ச ஆயுளைப் பொறுத்தது. கொள்ளளவில் கால்பங்கை இழந்த பேட்டரியும் கால்மணி நேரச் சுற்றில் புதுசுபோலவே சீறிப் பாயும். சூடேற்றி மறைக்க எஞ்சின் இல்லை, காதுகொடுத்துக் கேட்கக் கியர்பாக்ஸ் இரைச்சலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி முதல் மின்கார் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்கிறது. குதிரையின் வாயில் தேடிய வயதை இனி ஒரு பதிவேட்டில் தேடுவார்கள். பல்லை ராவியவர்களின் வாரிசுகள் அந்தப் பதிவேட்டையும் ராவப் பார்ப்பார்கள். அதை யார் எழுதுகிறார்கள், தவறாக எழுதினால் யார் தண்டம் கட்டுவார்கள் என்பதை வைத்தே அதன் மதிப்பு அமையும்.

டயரை உதைப்பது ஆங்கிலத்தில் தொடரும். ஒரு ரவுண்டு போய்வருவதும் தொடரட்டும். இருக்கை முதுகுக்கு ஒத்துவருகிறதா, பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்பதை வேறு யாரும் நமக்காகச் சொல்ல முடியாது. அந்தச் சுற்று முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது: இந்த வண்டி வீணானால் நஷ்டம் யாருக்கு? அதற்கு விற்பவர் எழுத்தில் தரும் பதில், அவர் ஓட்டிக்காட்டும் எந்தச் சாலையைவிடவும் அதிகம் சொல்லும்.